அவருக்குப் பண்ணலாமா, எனக்குப் பண்ணலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். பாவூர்சத்திரம் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. எனக்கு வயது 28. மூத்தவளுக்கு நாலு வயது, இளையவனுக்கு எட்டு மாதம். இரண்டுமே சுகப்பிரசவம். இரண்டாவது பிரசவத்தின்போது ரத்தம் குறைவு என்று குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இப்போதும் ஹீமோகுளோபின் 8.6 தான் இருக்கிறது. மாதவிலக்கும் அதிகமாகப் போகிறது. கிராம நர்ஸ் அக்கா "எப்போ வாறே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு மார்க்கெட்டில் காய்கறி மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. "நீ ரெண்டு பெத்தது போதும், இதை நான் பண்ணிக்கிடுதேன்" என்கிறார். அத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஆம்பளைக்குப் பண்ணா தெம்பு போயிரும், அப்புறம் மூட்டை தூக்க முடியாது" என்று அழுகிறார். அத்தையின் அப்பாவை எமர்ஜென்சி சமயத்தில் கூட்டிக்கொண்டு போய்ப் பண்ணிவிட்டார்களாம். அதற்கப்புறம் அவர் ஒழுங்காக வேலைக்கே போகவில்லையாம். நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். எங்கள் இரண்டு பேரில் யார் பண்ணிக்கொள்வது நல்லது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் வீட்டுக்காரர் பண்ணிக்கொள்வதுதான் நல்லது. இரண்டு ஆபரேஷன்களில் சின்னது அவருடையது, ஆபத்து குறைந்ததும் அவருடையதுதான். உங்களுக்கு ரத்தம் வேறு குறைவாக இருக்கிறது. நீங்கள் கேட்காமல் அவராகவே முன்வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இத்தனை தாய்மார்களைப் பார்க்கிற எனக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். ஆனால் அத்தையின் பயத்தை ஒதுக்கிவிட்டு அவரை அழைத்துப் போகாதீர்கள். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. அதற்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஆபரேஷனைப் பற்றி. பெண்ணுக்குச் செய்யும்போது வயிற்றுக்குள் போயாக வேண்டும். பிரசவமாகி ஏழு நாளுக்குள் என்றால் தொப்புளுக்குக் கீழே சிறிதாகக் கிழித்துக் கருக்குழாயைக் கட்டி வெட்டுவோம். உங்களைப்போல மாதங்கள் கழிந்துவிட்டால் பெரும்பாலும் லேப்ராஸ்கோப்தான். வயிற்றில் காற்றை நிரப்பி, குழாயை உள்ளே விட்டு, இரண்டு பக்கக் கருக்குழாயிலும் வளையம் மாட்டுவோம். இதற்கு மயக்க மருந்து வேண்டும். குடலிலோ ரத்தக்குழாயிலோ காயம் பட்டுவிடாமல் பார்த்துச் செய்ய வேண்டும். நல்ல கையில் இது பாதுகாப்பான ஆபரேஷன்தான், லட்சக்கணக்கான பெண்கள் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார்கள். 8.6 இருந்தால் செய்யக்கூடாது என்றும் விதி இல்லை, 7-க்குக் கீழே போனால்தான் தடை. ஆனாலும் ரத்தம் குறைந்த ஒரு உடம்பை, தேவையில்லாதபோது எதற்கு ஆபரேஷன் மேஜையில் ஏற்ற வேண்டும்?

ஆணுக்கு வயிற்றைத் தொடவே வேண்டாம். விந்துக்குழாய் விதைப்பைத் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. தோலை விரலால் பிடித்துப் பார்த்தால் கெட்டியான சணல் நூல் மாதிரி உருண்டு தட்டுப்படும். அந்த இடத்தில் மரத்துப்போக ஒரு ஊசி. வளையம்போல முனை உள்ள ஒரு கருவியால் குழாயைத் தோலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கூர்முனைக் கருவி ஒன்றால் தோலில் சின்னத் துளை போட்டு, அதன் வழியே குழாயை வெளியே எடுத்து, கட்டி வெட்டி, உள்ளே விட்டுவிடுவார்கள். அடுத்த பக்கத்துக்கும் அப்படியே. இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கத்தி கிடையாது, தையலும் கிடையாது. 1974-ல் சீனாவில் லி ஷுன்சியாங் என்ற மருத்துவர் கண்டுபிடித்த முறை இது. 1990-களில் இந்தியாவுக்கு வந்தது. நம் ஆஸ்பத்திரிகளில் என்.எஸ்.வி. (கத்தியில்லா வாசக்டமி) என்று சொல்வார்கள். திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலோ தென்காசி அரசு மருத்துவமனையிலோ விசாரியுங்கள், எந்த நாளில் எங்கே செய்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 21-லிருந்து டிசம்பர் 4 வரை இதற்கென்றே இருவார முகாம் இயக்கமும் நடக்கும்.

ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும். குழாயைப் பிடித்து இழுக்கும்போது அடிவயிற்றில் ஒரு மாதிரி இழுக்கும். முதல் இரண்டு நாள் வீட்டில் படுத்திருக்கட்டும். இறுக்கமான ஜட்டியோ லங்கோடோ கட்டிக்கொள்ளட்டும். அவர் தூக்குவது மூட்டை என்பதால் ஒரு வாரம் முழுசாக மார்க்கெட்டுக்குப் போக வேண்டாம், சைக்கிளும் மிதிக்க வேண்டாம். கொஞ்சம் வீக்கமும் கன்றிப்போன நிறமும் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் நாளுக்கு நாள் பெருத்தாலோ உடனே காட்டிவிடுங்கள். நூற்றில் ஓரிருவருக்கு வலி மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. இதையும் அவர் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

இனி அத்தை சொல்லும் தெம்புக்கு வருவோம். ஆணுக்கு மீசை, தசை, ஆசை எல்லாவற்றையும் தருகிற டெஸ்டோஸ்டிரோன் விதையில்தான் சுரக்கிறது. ஆனால் அது விந்துக்குழாய் வழியாகப் போவதில்லை, நேராக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஆபரேஷனில் அடைபடுவது உயிரணு போகும் வழி மட்டும்தான். வெளியே வரும் விந்துத் திரவத்தில் உயிரணுவின் பங்கு 100-க்கு 5-க்கும் கீழே. அதனால் அளவில்கூட வித்தியாசம் தெரியாது. உடலுறவிலும் ஒரு குறையும் வராது. அவர் அதே மூட்டையை அதே தோளில் தூக்கலாம்.

இந்த ஆபரேஷனைச் சுற்றி ஒரு காலத்தில் இதற்கு நேர் எதிரான நம்பிக்கை இருந்தது என்றால் அத்தை நம்புவாரோ தெரியவில்லை. 1920-களில் வியன்னாவில் ஆய்கென் ஸ்டைனாக் என்ற விஞ்ஞானி, விந்துக்குழாயைக் கட்டினால் முதுமை விலகி ஆண்மை திரும்பும் என்றார். வசதியுள்ள ஆண்கள் போய் விரும்பிச் செய்துகொண்டார்கள். மனோதத்துவ மேதை ஃபிராய்ட் 1923-ல் செய்துகொண்டார். நோபல் பரிசு வாங்கிய அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் 1934-ல், அறுபத்தெட்டு வயதில் செய்துகொண்டு, புது ரத்தம் பாய்ந்த மாதிரி இருக்கிறது என்று நம்பினார். அங்கே தெம்பு வரும் என்றார்கள், இங்கே போய்விடும் என்கிறோம். செய்தது அதே குழாயை அடைப்பதுதான். உடம்பில் தெம்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாருக்கு, எந்தச் சூழ்நிலையில், யார் செய்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நம்பிக்கை மாறியிருக்கிறது.

அத்தையின் அப்பாவை இந்த இடத்தில்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்று "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்" என்றாலே பெண்ணுக்கு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். ஆதியில் அப்படி இல்லை. இந்திய அரசு 1952-ல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அறுவைசிகிச்சையில் முன்னால் நின்றது நம் மாநிலம்தான். 1950-களின் பிற்பாதியிலேயே ஊக்கத்தொகை கொடுத்துச் செய்தார்கள், அன்றைக்குச் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஊரில் நல்லபடியாக வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த எத்தனையோ தாத்தாக்கள் சத்தமில்லாமல் செய்துகொண்டவர்கள்தான். லேப்ராஸ்கோப் எல்லாம் அப்போது கிடையாது. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், ஆணுக்கு வேண்டாம் என்பதால் டாக்டர்களும் ஆணுக்குச் செய்வதையே விரும்பினார்கள்.

அப்புறம் 1975-ல் எமர்ஜென்சி வந்தது. ஆபரேஷனுக்கு இலக்கு வைத்தார்கள். ஆசிரியர், தாசில்தார், போலீஸ் என்று எல்லா அரசு ஊழியர் தலையிலும் அந்த இலக்கைக் கட்டினார்கள். ஆள் பிடிக்காவிட்டால் சம்பளம் நிற்கும் என்ற நிலை. 1976–77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுக்க 80 லட்சம் பேருக்கு மேல் செய்தார்கள், நான்கில் மூன்று பங்கு ஆண்கள். அரியானாவில் உட்டாவர் என்ற ஊரைப் போலீஸ் சூழ்ந்துகொண்டு ஆண்களைப் பிடித்துப்போன கதை பதிவாகியிருக்கிறது. எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரிக்கப் பிறகு அமைத்த ஷா கமிஷன், ஆபரேஷனை ஒட்டி 1,774 சாவுகளைக் கணக்கில் எடுத்தது. அகப்பட்டவர்களில் ஏழைகளும் கூலிக்காரர்களும் தாழ்த்தப்பட்ட சாதிக்காரர்களும் முஸ்லிம்களும்தான் அதிகம். வசதி உள்ளவர்கள் தப்பித்துக்கொண்டார்கள்.

அத்தையின் அப்பாவுக்கு அந்தப் பரபரப்பில் செய்தார்கள் என்றால், ரத்தம் கட்டியிருக்கலாம், சீழ் வைத்திருக்கலாம், வலி நிலைத்துப்போயிருக்கலாம். கூட்டத்தோடு கூட்டமாகக் கொண்டுபோய்ச் செய்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்ட இடங்களில் இதெல்லாம் நடந்தது. உடம்புக்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும்கூட, தன் சம்மதம் இல்லாமல் தன் உடம்பில் கைவைத்துவிட்டார்கள் என்ற அவமானம் ஒரு மனிதரை வேலைக்குப் போகவிடாமல் முடக்கியிருக்கும். அதைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்த மகள் இன்று தன் பிள்ளைக்காக அழுகிறார். அதனால் "அதெல்லாம் மூடநம்பிக்கை அத்தே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்க அப்பாவுக்கு நடந்தது அநியாயம், உங்க பிள்ளை தானாகக் கேட்டுப் பண்ணிக்கிடுதாக, இரண்டும் வேறே வேறே என்று சொல்லுங்கள். முடிந்தால் டாக்டரைப் பார்க்கப் போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்னிடம் அப்படிக் கூட வந்த மாமியார்கள், கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பியிருக்கிறார்கள்.

1977 தேர்தலில் அந்த ஆட்சி தோற்றது. அடுத்து வந்த எந்த அரசுக்கும் ஆண்களிடம் மறுபடியும் இந்தப் பேச்சை எடுக்கத் துணிவில்லை. ஒரே வருஷத்தில் மொத்த ஆபரேஷனில் ஆண்களின் பங்கு நான்கில் மூன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாக விழுந்துவிட்டது. ஆனால் இலக்கு மட்டும் போகவில்லை, 1996 வரைக்கும் இருந்தது. ஆண்களைத் தொட முடியாது என்றானதும் அந்த இலக்கு பெண்கள் பக்கம் திரும்பியது. லேப்ராஸ்கோப்பும் அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட வகுப்பறையில் முகாம் போட்டு, பெண்களை வரிசையாகப் படுக்கவைத்துச் செய்தார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார், 13 பேர் இறந்துபோனார்கள். 2016 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம், இந்த முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது.

எமர்ஜென்சிக்கு நாடே கொதித்தது, ஆட்சி மாறியது. பெண்களுக்கு நடந்ததற்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பொறுத்துக்கொள்வது அவர்கள் சுபாவம் என்று விட்டுவிட்டோம். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். தமிழ்நாட்டில் பெண்கள் கணக்கு பாதியைத் தாண்டுகிறது. அதே கணக்கெடுப்பில் ரத்தசோகை உள்ள பெண்கள் 100-க்கு 57, ஆண்கள் 25. ரத்தம் குறைந்தவர்களைத்தான் நாம் பெரிய ஆபரேஷனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். மருத்துவம் சொல்லி வந்த பழக்கம் இல்லை இது. அரசியலில் ஒரு பக்கம் அடைபட்டதால் வந்த பழக்கம், அவ்வளவுதான். ஐம்பது வருஷத்தில் அது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

"அவுக வேலைக்குப் போறவுக, நானே பண்ணிக்கிடுதேன்" என்று எத்தனை பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? அப்படிச் சொல்கிறவர் முந்தின நாள் ராத்திரி வரைக்கும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடியை எண்ணிக் கடைக்குக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். அது வேலை என்று அவரே நினைப்பதில்லை. உங்கள் வீட்டுக் கணக்கையும் அப்படிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் பண்ணிக்கொண்டால் நாள்கணக்கில் குனிந்து உட்கார முடியாது, பிள்ளையைத் தூக்க முடியாது, தண்ணீர்க் குடம் எடுக்க முடியாது. பீடி போடாத நாளுக்கு உங்களுக்கும்தான் கூலி இல்லை. அவர் பண்ணிக்கொண்டால் அவருக்கு ஒரு வாரக் கூலி போகும். அரசு கொடுக்கிற ஊக்கத்தொகையும் பெண்ணைவிட ஆணுக்குக் கூடுதல், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பீடி பற்றிச் சொன்னதால் இன்னொன்று. பால் கொடுக்கிறீர்கள் என்றால், தூள் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். சுளகுக்குப் பக்கத்தில் அவனைத் தூங்கப்போடாதீர்கள்.

சட்டப்படி இதற்கு மனைவியின் சம்மதமோ கணவனின் சம்மதமோ கட்டாயமில்லை. செய்துகொள்கிறவர் கையெழுத்துப் போதும். தாயின் சம்மதம் கேட்கவே மாட்டார்கள். திருமணமாகி, அறுபது வயதுக்குள் இருந்து, ஒரு பிள்ளையாவது ஒரு வயது தாண்டியிருந்தால் போதும். மூத்தவளுக்கு நாலு வயது என்பதால் உங்களுக்குத் தடை இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். யார் செய்துகொண்டாலும் இது நிரந்தரம். திரும்பச் சேர்த்துத் தைக்க முடியும், ஆனால் அது பெரிய வேலை, பலன் உறுதியில்லை. அமெரிக்காவில் பதினாலு வருஷம் வரை தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய ஆய்வில், முப்பது வயதுக்குள் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களில் ஐந்தில் ஒருவர் பிறகு வருத்தப்பட்டிருக்கிறார்கள். முப்பதுக்கு மேல் செய்தவர்களில் அது 100-க்கு ஆறு. உங்கள் மகனுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. மனதில் துளி சந்தேகம் இருந்தாலும் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் தள்ளிப்போடலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது. அதுவரைக்கும் ஆணுறை இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது. காப்பர்-டி நல்ல முறைதான், ஆனால் மாதவிலக்கை அது இன்னும் கூட்டலாம் என்பதால் உங்களுக்கு இப்போது வேண்டாம். நர்ஸ் அக்கா அவசரப்படுத்தினால், யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அந்த 8.6-ஐ மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷனுக்காக இல்லாவிட்டாலும் உங்களுக்காகவே அதைச் சரிபண்ண வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். காபி, டீயோடு சேர்த்துப் போடாதீர்கள், சத்து சேராது. பூச்சி மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்து ஏறவில்லை என்றால் இரும்புச்சத்தை டிரிப்பாக ஏற்றச் சொல்லுங்கள். மாதவிலக்கு அதிகமாகப் போவதற்கு என்ன காரணம் என்று ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். முருங்கைக்கீரையும் கேப்பையும் சாப்பிடுங்கள், ஆனால் கீரையை நம்பி மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

கடைசியாகச் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பெண்ணுக்குச் செய்த ஆபரேஷன் அன்றே வேலை செய்யத் தொடங்கிவிடும், ஆணுக்குச் செய்தது அப்படி இல்லை. குழாயைக் கட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே உயிரணு தங்கியிருக்கும், அது தீர மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதமும் ஆணுறை இல்லாமல் சேரக்கூடாது. மூன்று மாதம் முடிந்ததும் அவர் விந்துப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும், உயிரணு இல்லை என்று ரிப்போர்ட் வர வேண்டும். நம் பக்கத்து ஆண்கள் நிறையப் பேர் இதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு போவதே இல்லை.

போகாததால் வரும் வினை பெண் தலையில்தான் விழும். "அவருக்குப் பண்ணியாச்சு, அப்புறம் எப்படி இவளுக்கு நாள் தள்ளிப்போச்சு?" என்று ஊர் கேட்கும். இந்தப் பேச்சுக்குப் பயந்தே, கணவர் தயாராக இருந்தும், தாங்களே பண்ணிக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். பரிசோதனையில் சுத்தம் என்று வந்த பிறகு தவறுவது இரண்டாயிரத்தில் ஒருவருக்குத்தான். பெண் ஆபரேஷன் தவறுவது இதைவிட அதிகம். நான் மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் பத்து வருஷத்தில் ஆயிரத்துக்குப் பதினெட்டுப் பேர் மறுபடி கருத்தரித்திருக்கிறார்கள். ஆனால் எந்த ஆபரேஷனும் நூற்றுக்கு நூறு கிடையாது என்பதை உங்கள் வீட்டுக்காரரும் அத்தையும் டாக்டர் வாயாலேயே இப்போதே கேட்டுக்கொள்ளட்டும். பின்னால் ஏதாவது என்றால் முதலில் அவருடைய விந்தைத்தான் மறுபடி பரிசோதிக்க வேண்டும், உங்களைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளட்டும்.

ஆபரேஷன் தேதி முடிவானதும் அதிலிருந்து மூன்று மாதத்தைக் காலண்டரில் குறித்துவையுங்கள். பரிசோதனைக்கு நீங்களும் கூடப் போங்கள். ரிப்போர்ட்டையும் ஆபரேஷன் சான்றிதழையும் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள், செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.